தாம்பாளத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்

அன்பு மகனுக்கு,

இவ்விடம் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. உன் சுகத்தைக் கேட்கவும் இன்றைக்கு மனமில்லை. சிங்கப்பூரில் காலேஜ் லெக்சரர் வேலை, கோட்டு, டை, சாயங்காலம் டென்னிஸ் என்று நீ சுகமாகத்தான் இருப்பாய். நீ எழுதியபடி ஜாசினுக்குப் போய்வந்தேன். பெண் கேட்கக் கொண்டுபோன தாம்பாளத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வெற்றிலை வழியிலேயே வாடிவிட்டது. பழத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். தேங்காய் மட்டும் உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் உருண்டு கிடக்கிறது. ஏன் என்று நீ கேட்பாய். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுத்து கோணலாக வரும், பொறுத்துப் படி.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போனதிலிருந்து பத்து பெரண்டாம் ஊரில் இந்த வீட்டில் நானே பொங்கி நானே தின்று கொண்டிருக்கிறேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவரைக்கும் காய்ச்சல்காரர்களுடைய முனகலாவது துணையாக இருந்தது. வேலையை விட்டு வந்த பிறகு அதுவும் இல்லை. இப்படி இருக்கையில், 'என்னிடம் படிக்கும் லோகநாயகி என்ற பெண், சொந்த ஊர் ஜாசின், அப்பா சர்க்கார் ஆபீஸில் பியூன், லீவுக்கு இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறாள், நீங்கள் போய் முறைப்படி பேசுங்கள்' என்று நீ எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? உன் அம்மா ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கினேன். பியூன் மகள் என்றால் என்ன, நானும் சீமை டாக்டர் இல்லையே என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து மறுபடியும் கடிதத்தைப் படித்தபோதுதான் 'என்னிடம் படிக்கும்' என்ற வார்த்தையில் கண் நின்றது. அதற்குக் கீழே இன்னொன்று எழுதியிருந்தாய். பரீட்சைக்கு முன்னால் பேச்சை முடித்துவிட்டால் நல்லது என்று. சம்மதம் எப்படித் தெரியும் என்றால், புத்தகம் எடுத்துக் கொடுப்பாயாம், மழை வந்தால் காரில் ஹாஸ்டல் வாசலில் விடுவாயாம், ஒரு நாள் காரிலேயே கேட்டாயாம், சிரித்துக்கொண்டே தலையாட்டினாளாம்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் எஸ்டேட்டுக்குப் புது டிரஸ்ஸர். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, இன்னாருக்குக் காய்ச்சல், இன்னார் வேலைக்குப் போகலாம் என்று சொல்வது நான். நான் தலையை ஆட்டினால் ஒருத்தி கூலி லயத்து வீட்டில் படுத்துக் கிடக்கலாம், ஆட்டாவிட்டால் நடுங்கிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக வேண்டும். அப்போது செல்லம்மா என்று ஒரு பெண், புருஷன் இல்லாதவள், நான் என்ன சொன்னாலும் சிரிப்பாள். முந்தானையில் கோழிமுட்டை முடிந்து கொண்டுவந்து வைப்பாள். மருந்து கொடுக்கும் அறையைக் கூப்பிடாமலே கூட்டிவிட்டுப் போவாள். இந்த எஸ்டேட்டில் எனக்கு எவ்வளவு மரியாதை பார் என்று நான் உன் அம்மாவிடம் மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அவ எங்கிட்ட சிரிக்கிறாளா? தண்ணி எடுக்கிற எடத்துல யாருகிட்டயாச்சும் சிரிக்கிறாளா? உங்கள கண்டாத்தான் சிரிக்கிறா. அவ புள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருது. நீங்க வீட்டுல இருன்னு சொன்னாத்தான் அவ புள்ளகிட்ட இருக்க முடியும். அது சிரிப்பு இல்லீங்க, பயம்."

சொன்னதோடு நிற்கவில்லை. முட்டைகளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய் அவள் பிள்ளைக்கே அவித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் முதல் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெண் நோயாளி யார் வந்தாலும் ஆயாம்மா பக்கத்தில் நிற்க வேண்டும், கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், முட்டை முருங்கைக்காய் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. டிரஸ்ஸர் ஐயா அறைக் கதவுக்குக் கீலே கிடையாது என்று லயத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையை விட்டு வந்த அன்றுவரைக்கும் அந்தக் கதவை மூடியதில்லை. மழைச் சாரல் அடித்து மருந்துச் சீசாக்கள் நனையும், அப்போதும் மூடியதில்லை. நீ அந்த வாசலில்தான் தவழ்ந்தாய்.

சரி, செல்லம்மா கதை பழைய கதை, படிக்காதவள், கூலிக்காரி, அவள் பயந்தாள் என்று நீ சொல்லலாம். படித்தவன் பயந்த கதையும் நம் வீட்டில் இருக்கிறது. நீயே அந்தக் காலேஜில் படித்தபோது உனக்கு ஒரு வெள்ளைக்காரப் புரொபசர் இருந்தாரே, அவர் உன்னை அடித்தாரா, திட்டினாரா? ஒன்றும் இல்லை. மை பாய் என்று தோளில் தட்டுவார் என்று பெருமையாக எழுதுவாய். சனிக்கிழமை அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். அவருடைய டென்னிஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாய். அவர் சம்சாரம் பசாருக்குப் போனால் கூடையும் குடையும் உன் கையில். ஒவ்வொன்றையும் நீ எழுத எழுத நான் உரக்கப் படிப்பேன். உன் அம்மா கேட்டுவிட்டு, "நம்ம புள்ள அங்க படிக்கப் போனானா, வேலக்காரனாப் போனானா?" என்று கேட்பாள். பெரிய மனிதர் பழக்கம், உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்கும் உனக்கும் தெரியவில்லை.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக் கொண்டிருந்த வருஷத்தில்தான் அவளுக்கு உடம்பு வீங்க ஆரம்பித்தது. என்னிடம் இருந்த மருந்து கேட்கவில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியிலும் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உனக்குத் தந்தி அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று நீ பதில் தந்தி அடித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் புரொபசர் சீமைக்குக் கப்பல் ஏறுகிறார், அதற்குள் அவருடைய புத்தகத்தை நீ டைப் அடித்து முடிக்க வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. ரயில் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "தம்பி ரயிலு ஏறிட்டானா?" என்பாள். ஏறிவிட்டான் என்பேன். கடைசியாகக் கேட்டபோது, "தம்பின் ஸ்டேஷன்ல எறங்கிட்டான், பஸ்ஸுக்கு நிக்கிறான்" என்று சொன்னேன். அந்த பஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கையிலேயே போய்ச் சேர்ந்தாள். உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நீ வந்தபோது பால் தெளித்து முடித்து, வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

அன்றைக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாகத்தான் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாய். "நான் லீவு கேக்கவே இல்லப்பா. தந்திய ஜோப்புல வச்சுக்கிட்டே டைப் அடிச்சேன். பரீட்சையும் அவரு கையில இருக்கு, நாளைக்கு வேலையும் அவரு சொன்னாத்தான் கிடைக்கும். அவருகிட்ட எப்படிப்பா மாட்டேன்னு சொல்றது?" சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாய். பிறகு அந்த மனிதர் சீமையிலிருந்து உனக்குத் துக்கம் கேட்டு எழுதினார். முன்பே சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேனே, என்ன பையனப்பா நீ என்று. அவர் பொய் எழுதவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரைக்கும் வயிற்றெரிச்சல். அவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்க்கவாவது எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எதிரில் நிற்பவன் பல்லைக் காட்டுவது தெரிகிறது, முழங்கால் நடுங்குவது தெரியவில்லை. அவர் ஒரு தடவையாவது, உனக்கு வேறு வேலை இருக்கிறதா தம்பி என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அவர் சொல்லித்தான் உனக்கு இந்த வேலை கிடைத்தது. ஊரெல்லாம் என் கையைக் குலுக்கியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இவ்வளவையும் மனதில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஜாசினில் சந்தைக்குப் பின்னால் பலகை வீடு. பெண்ணின் அப்பா லீவு நாளிலும் காக்கிச் சட்டையைப் போட்டு, பொத்தானைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். என்னைக் கண்டதும் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். நான் உட்கார்ந்த பிறகும் துடைத்தார். "டிரஸ்ஸர் ஐயா, எங்க வீட்டுக்கு நீங்க வந்ததே பெருசுலா. உங்க பையன் எங்களுக்குத் தெய்வம். எம்மவளுக்குப் புஸ்தகம் குடுக்கிறாரு, மழைன்னா காருல கொண்டாந்து விடுறாரு. யாரு செய்வா?" என்றார். பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவள என்னங்க கேக்கிறது? சாரு கேட்டு மாட்டேன்னு சொல்லுவாளா?" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடினார். பெண்ணின் அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். வாசல் கதவு திறந்திருந்தது. பழைய வழக்கம், அதை நான் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

பெண் காப்பி கொண்டுவந்தாள். நல்ல முகம்தான், உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நான் காப்பியை எடுத்ததும் அம்மா பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்போம், தலையைக் குனிந்தால் சரி என்று தாம்பாளத்தை மாற்றிவிடுவோம். நான் கேட்டுவிட்டேன். "அம்மா, உனக்கு இதுல இஷ்டமா?" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஐயா, இப்ப வேணாம்னு சொன்னா, சார் என் பேப்பர எப்படித் திருத்துவாரு?"

என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு அதை நம்ப என்ன காரணம் இருக்கிறது? நீ ஃபெயில் போட்டால் அவளுடைய ஸ்காலர்ஷிப் போய்விடும், இந்தப் பலகை வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியதுதான். பிறகு அவளே சொன்னாள். "சார் நல்லவருதான் ஐயா. பாடம் ரொம்ப நல்லா நடத்துவாரு. நான் படிச்சு முடிச்சு இங்கேயே ஸ்கூல்ல டீச்சராகணும்னு இருக்கேன். காருல ஏறச் சொல்றப்ப பஸ்ஸுல போறேன்னு சொல்லத் தெரியல. அன்னிக்குக் கல்யாணம்னு கேட்டாரு. சிரிச்சேன். வேற என்ன செய்றதுன்னு தெரியல." இதையெல்லாம் நீ சாரிடமே சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சார்கிட்ட எப்படிங்க ஐயா மாட்டேன்னு சொல்றது?"

உன் அம்மா செத்த வீட்டில் சுவரில் சாய்ந்துகொண்டு நீ சொன்ன அதே வார்த்தை. கையில் இருந்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அவள் அப்பா சோடாவோடு வந்தார். நான் அவரிடம் பொய் சொன்னேன். ஜாதகத்தில் ஏதோ தோஷமாம், இந்த வருஷம் பேச்சே எடுக்கக் கூடாது என்று சோதிடர் சொல்லிவிட்டார், பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணை அவர் சும்மா விடமாட்டார், தெய்வத்தை வேண்டாம் என்றாயா என்று கேட்பார். அவர் என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். "ஜாதகம் பாக்காமலா ஐயா தட்டு வரிசை எடுத்துக்கிட்டு வந்தீங்க? வீட்டப் பாத்ததும் மனசு மாறிடுச்சு. பியூன் மவ போதாது, அதானேலா?" என்றார். நான் எழுந்தேன். "சோடாவ ஒடச்சிட்டேன். குடிச்சிட்டுப் போங்க" என்று நீட்டினார். நின்றுகொண்டே குடித்தேன். ஒரு ஏழை மனிதனைக் கேவலப்படுத்திவிட்டு வந்தவன் என்று ஜாசினில் இனி என்னைப் பேசுவார்கள். முப்பது வருஷமாக அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நான் சம்பாதித்த நல்ல பெயர் ஒரு சோடா குடிக்கும் நேரத்தில் போயிற்று. உனக்காக இதைச் சுமக்கிறேன் என்று நினைக்காதே. அவளுக்காகச் சுமக்கிறேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். அவள் சொன்னதை எழுதினால் அவள் மேல் கோபம் வந்து, அதை அவள் பேப்பரில் காட்டிவிடுவாயோ என்று பயந்தேன். என் சொந்தப் பிள்ளையைப் பற்றி என்னை இப்படி நினைக்க வைத்துவிட்டாயே! ஜாதகப் பொய்யை உனக்கும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் லீவு முடிந்து அவள் திரும்பி வருவாள், நீ மறுபடியும் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாய். அதனால் எழுதுகிறேன். கடிதம் கண்டதும் உன் காலேஜ் பெரியவரிடம் போ. அந்தப் பெண்ணின் பேப்பரை நான் திருத்தக் கூடாது, வேறு யாராவது திருத்தட்டும் என்று சொல். காரணம் கேட்பார், சொல். வெட்கமாக இருந்தால் இருக்கட்டும், இத்தனை நாள் அவள் பட்டதைவிடப் பெரிய வெட்கம் இல்லை. அவளைக் கூப்பிட்டு, அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்காதே. மன்னிப்புக் கேட்கிறேன் என்று தனியாகக் கூப்பிடவும் வேண்டாம், அதற்கும் அவள் சிரித்துத்தான் ஆக வேண்டும். புத்தகம் கொடுத்தால் எல்லாருக்கும் கொடு. மழை பெய்தால் நனைந்துகொண்டு போகட்டும், காய்ச்சல் வந்தால் மருந்து இருக்கிறது. உன் அறைக்கு யார் வந்தாலும் கதவைத் திறந்து வை. பாடத்தை மட்டும் இப்போது நடத்துகிற மாதிரியே நன்றாக நடத்து. அது ஒன்றுதான் உன்னிடமிருந்து அவளுக்கு வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்றைக்குமே கேட்கக் கூடாதா என்பாய். அவள் பாஸ் செய்து, சர்ட்டிபிகேட் கைக்கு வந்து, ஜாசின் பள்ளிக்கூடத்தில் டீச்சராக உட்கார்ந்து, உன்னால் அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகு போய்க் கேள். அன்றைக்கும் சிரித்தாளானால் நானே அவள் அப்பாவின் காலில் விழுந்தாவது பேசி முடிக்கிறேன். மாட்டேன் என்றாளானால் மரியாதையாகத் திரும்பி வா. தாம்பாளத்தைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டேன்.

என் மேல் உனக்கு இப்போது கோபம் வரும். வரட்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவாய், மாட்டேன் போ என்பாய். எனக்கு நீ தாராளமாகச் சொல்லலாம், நான் உன்னை என்ன செய்துவிடப் போகிறேன்? செத்துக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கே உன்னால் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. அந்தப் புரொபசர் ஒருவருக்கு மட்டும்தான் முடியவில்லை. அவளும் உலகத்தில் எவன் வந்து கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். உனக்கு மட்டும்தான் அவளால் சொல்ல முடியாது. அதனால்தான் நீ கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா